யார் வேண்டுமானாலும் வெளியிடலாம்: நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு இதனால் வந்தது என்ன, போனது என்ன?

#1 பழைய அச்சகத்தார், தர்மபுரி

அச்சகத் தொழிலில் இருந்து ஓய்ந்தவன் நான். ஈய எழுத்தைக் கோத்த காலத்தில் தொடங்கி ஆப்செட் வரை ஓட்டினேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதி, ரசீதுப் புத்தகம், கட்சி நோட்டீஸ் என்று அடிக்காதது இல்லை. இங்குள்ளவர்களிடம் ஒன்றைக் கேட்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம்.

1867ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று எங்கள் தொழிலைக் கட்டி ஆண்டது. அச்சாகும் தாள் எதுவானாலும் அச்சிட்டவர் பெயரும் அச்சான ஊரும் அதில் இருந்தாக வேண்டும். தேர்தல் நோட்டீஸ் என்றால் கெடுபிடி இன்னும் அதிகம். வெளியிடுகிறவர், தன்னை நேரில் அறிந்த இருவரைச் சாட்சிக் கையெழுத்துப் போடவைத்து உறுதிமொழி எழுதித் தர வேண்டும். அதன் நகலோடு நோட்டீஸ் பிரதியும் கலெக்டர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு அது, இன்றும் இருக்கிறது.

ஓர் உள்ளாட்சித் தேர்தல் நேரம். கடையைச் சாத்தப் போகும் வேளையில் ஒருவர் வந்தார். நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளில், எதிராளி வீட்டுப் பெண்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். ஆயிரம் பிரதி, இரட்டைக் கூலி, கீழே பெயர் மட்டும் வேண்டாம். தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். என்னை உத்தமன் என்று எண்ண வேண்டாம். எங்கள் கடையில் 'ழ' எழுத்து ஒன்று மூக்கு உடைந்து கிடந்தது. அதைப் பார்த்தே எந்த அச்சகம் என்று ஊர் சொல்லிவிடும். பெயர் போடாவிட்டாலும் மாட்டிக்கொள்வேன்.

இன்று அதே ஆள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி அந்தப் பக்கத்தை ஊர் முழுக்க அனுப்பிவிடுவார். குறுக்கே நிற்க நான் இல்லை. வேலை போன வயிற்றெரிச்சலில் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எவரும் எதையும் வெளியிடலாம் என்றான பிறகு நமக்கு வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு? கேள்விப்பட்டதை விட்டுவிட்டுக் கண்டதைச் சொல்லுங்கள்.

#2 தக்காளித் தோட்டம், ராயக்கோட்டை

ஐயாவுக்கு வணக்கம். வந்ததை நான் சொல்கிறேன்.

முன்பெல்லாம் மண்டியில் பெட்டிக்கு என்ன விலை சொல்கிறார்களோ அதுதான் விலை. கோலாரில் அன்றைக்கு என்ன போனது, ஒட்டன்சத்திரத்தில் என்ன போனது என்று வியாபாரிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இப்போது பாலக்கோட்டில் ஒருவர், கோலாரில் ஒருவர், இங்கே நான். காலை ஏலம் முடிந்ததும் சீட்டைப் படம் பிடித்துப் போட்டுவிடுகிறோம். எங்களுக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை, எந்தப் பத்திரிகையும் நிருபர் அட்டை தரவில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, தோட்டத்துக்கே வந்து பாதி விலைக்குக் கேட்டவர்களைத் திருப்பி அனுப்ப முடிந்தது அந்தச் சீட்டுப் படங்களால்தான். அச்சகத்தை நம்பியிருந்தால் விலை அச்சாகி வருவதற்குள் பழம் அழுகியிருக்கும்.

போனதையும் சொல்லிவிடுகிறேன். தக்காளியில் இலைச்சுருட்டு நோய் வைரஸால் வருகிறது. வெள்ளை ஈதான் அதைச் செடிக்குச் செடி தூக்கிச் செல்கிறது. வைரஸ் ஏறிய செடியைக் காப்பாற்றும் மருந்து என்று ஒன்று கிடையாது. ஆரம்பத்திலேயே பிடுங்கிப் போட்டு, ஈயைக் கட்டுப்படுத்த வேண்டும். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டாலும் எலுமிச்சங்கிரி நிலையத்தில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் யூடியூபில் ஒருவர் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, சுருண்ட இலை ஏழே நாளில் விரியும் என்று ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டுகிறார். எங்கள் ஊரில் மூன்று தோட்டக்காரர்கள் அதை வாங்கி அடித்தார்கள். இலை விரியவில்லை. நோய்ச் செடிகளைப் பிடுங்காமல் காத்திருந்ததால் பக்கத்துத் தோட்டத்துக்கும் போய்விட்டது. அந்தக் காணொளியின் கீழே பலன் இல்லை என்று எழுதினேன். எழுதியது காணாமல் போய்விட்டது. தன் பக்கத்தில் அவரே ஆசிரியர், அவரே தணிக்கை அதிகாரி.

#3 அரூரான்

ஐயா, உங்கள் வாசற்படிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கெட்டவனை நிறுத்திய அதே வாசலில் ஏழையும் நின்றான்.

வாச்சாத்தி எங்கள் வட்டத்தில்தான் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி அந்த மலைக்கிராமத்துக்குள் போனார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. ஊரே காலியானது. மலைவாழ் மக்கள் சங்கத்தார் உள்ளே போய்ப் பார்த்து வெளியே சொன்ன பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அப்போதும் அரசுத் தரப்பு அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. வழக்கு சிபிஐ கைக்குப் போய், 2011 செப்டம்பர் 29 அன்றுதான் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மிச்சம் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல்.

அன்று தர்மபுரியில் அச்சகங்கள் இருந்தன. சென்னையில் பெரிய பெரிய பத்திரிகைகள் இருந்தன. அரூரில் இருந்து பஸ் ஓடியது. அந்தப் பெண்களில் ஒருவர் உங்கள் கடைக்கு வந்து, நடந்ததை நோட்டீஸாக அடித்துக் கொடுங்கள், கீழே உங்கள் பெயரைப் போடுங்கள் என்று கேட்டிருந்தால் அடித்திருப்பீர்களா? கோபத்தில் கேட்கவில்லை. பதில் வேண்டும்.

#4 பழைய அச்சகத்தார், தர்மபுரி

அடித்திருக்க மாட்டேன், தம்பி. அந்தக் காலத்தில் போலீஸை எதிர்த்து நோட்டீஸ் அடித்தவர்களை எனக்குத் தெரியும். மிஷினுக்குச் சீல் வைத்த கதையும் தெரியும். ஆனால் ஒன்று. வாச்சாத்தியை வெளியே கொண்டுவந்தவர்கள் யாரும் கைக்கு வந்ததை அப்படியே பரப்பியவர்கள் இல்லை. ஊருக்குள் நடந்து போனார்கள், ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார்கள், நீதிமன்றத்தில் நிற்கும்படி எழுதினார்கள். அதனால்தான் 19 ஆண்டு கழித்தும் அது நின்றது. போனில் எடுத்த படம் ஒன்று 19 நாள் நிற்குமா?

#5 ஓசூர் மூன்றாம் ஷிப்ட்

படம் நிற்கிறதோ இல்லையோ, பொய் நன்றாகவே நிற்கிறது. 2023 மார்ச் மாதத்தை ஓசூர்க்காரர்கள் மறக்கவில்லை.

தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் சுற்றின. காவல்துறைத் தலைவர் அவை பொய் என்று அறிவித்தார். இங்கே நடந்ததாகச் சொன்ன ஒரு காட்சி, திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் இரண்டு கோஷ்டியாகப் போட்டுக்கொண்ட சண்டை. பீகார் அரசு அதிகாரிகள் குழுவே கிளம்பி வந்து பார்த்துவிட்டுப் போனது. பரப்பிய யூடியூபர் ஒருவர் கைதானார். இதெல்லாம் செய்தித்தாளில் வந்தது.

எங்கள் ஆலையில் வந்தது வேறு. என் லைனில் வேலை பார்க்கும் பையன், வயது இருபதோ இருபத்தொன்றோ, இரவு ஷிப்ட் நடுவில் போனைக் கொண்டுவந்து நீட்டினான். அவன் அம்மா அனுப்பிய காணொளி. 'இது உன் ஊரா?' என்று கேட்டிருக்கிறாள். கடைப் பலகையில் இருந்த எழுத்து தமிழே கிடையாது. எனக்குப் பார்த்ததும் தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் விளக்கினேன். புரிந்தது என்றான். இரண்டு நாளில் ஹோலிக்கு என்று ஊருக்குப் போனான், திரும்பவில்லை.

பொய் இந்தியில் வந்தது. மறுப்பைத் தமிழில் போட்டு என்ன பயன்? பிறகு போலீஸும் அதிகாரிகளும் இந்தியிலேயே பேசி அனுப்பினார்கள். ஆலை ஆலையாக வந்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் பொய் ஒரு ராத்திரியில் போன தூரத்தை மெய் ஒரு வாரம் நடந்து கடந்தது.

#6 மட்டுறுத்துநர்

சாதிப் பெயர் சொல்லித் திட்டிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எழுதியவர்களுக்குத் தனியே காரணம் சொல்லியாயிற்று. 'கருத்துச் சுதந்திரம் பற்றிய இழையிலேயே வெட்டா' என்று கேட்டிருக்கிறார் ஒருவர். ஆமாம், இங்கேயேதான். தொடருங்கள்.

#7 கருப்புக் கோட்டு, கிருஷ்ணகிரி

அச்சகத்தார் சொன்ன 1867 சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2023இல் இயற்றிய புதிய பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது கிடக்கட்டும்.

பழைய சட்டங்களைப் பற்றி ஏங்குகிறவர்கள் 1910 அச்சகச் சட்டத்தையும் ஒருமுறை படிக்க வேண்டும். புதிதாக அச்சகம் வைப்பவர் 500 முதல் 2,000 ரூபாய் வரை பிணைத்தொகை கட்ட வேண்டும். ஆட்சேபத்துக்குரியது என்று அரசு நினைத்தால் பணம் போய்விடும். அன்றைய 500 ரூபாய்க்கு நம் பக்கம் நிலமே வாங்கலாம். அந்தச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில்தான் சுப்பிரமணிய சிவா 'ஞானபானு' இதழை நடத்தினார். 1925இல் அவர் கண் மூடியது நம் பாப்பாரப்பட்டியில். வாசலில் காவல் போடு என்று கேட்பதற்கு முன், காவலாளி யார் வீட்டு ஆள் என்று பார்க்க வேண்டும்.

நம் காலத்துக்கு வருகிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. பிறருக்கு எரிச்சல் தரும்படி இணையத்தில் எழுதினால் மூன்றாண்டு வரை சிறை. எரிச்சலுக்கு எல்லை என்ன? 2012இல் புதுச்சேரியில் ஒரு சிறு தொழிலதிபரை, அரசியல் குடும்பத்தைப் பற்றி ஒரு ட்வீட் போட்டதற்காக இந்தப் பிரிவில் பிடித்தார்கள். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாது என்றது. வேடிக்கை என்னவென்றால், செல்லாத பிரிவில் காவல் நிலையங்கள் தொடர்ந்து வழக்குப் போட்டன. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, இனி இதில் யார் மேலும் வழக்கு நடத்தாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது.

அவதூறுக்கு, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவு இருக்கிறது. வதந்தி பரப்பிப் பகை மூட்டினால் 353. சட்டம் போதாது என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் படித்திருக்க மாட்டார்கள். என்னிடம் வரும் அவதூறு வழக்குகளில் கணிசமானவை, உண்மையை எழுதியவர் மேல் பணக்காரர் போட்டவை. பொய் எழுதியவன் பெரும்பாலும் பெயரில்லாமல் தப்பித்துப் போகிறான்.

#8 குவாரிப் பக்கத்து ஊர்

நானும் பெயரில்லாமல்தான் எழுதுகிறேன், வக்கீல் ஐயா. ஆனால் தப்பித்துப் போவதற்காக இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் கிரானைட் வெட்டுகிறார்கள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. வெடி வைக்கும்போது ஓட்டு வீட்டில் மண் உதிரும். மனு கொடுத்தோம், ரசீது வந்தது, வேறு எதுவும் வரவில்லை. வெடிக்கும் நேரத்தையும் சுவர் விரிசலையும் தேதியோடு படமெடுத்து, புதுப் பெயரில் ஒரு பக்கம் திறந்து போட்டு வந்தேன். ஆட்கள் வந்தார்கள், அளந்தார்கள். வெடி நேரம் மாறியது. யார் போட்டது என்று ஊரில் இன்றும் விசாரிக்கிறார்கள். நான் குவாரிக்கே டிராக்டர் ஓட்டுகிறவன். பெயர் போட்டுத்தான் எழுத வேண்டும் என்று நாளைக்கே ஒரு விதி வந்தால், பொய் சொல்கிறவன் எப்படியும் ஒரு போலிச் சீட்டைக் காட்டிவிடுவான். வாய் அடைபடுவது எனக்குத்தான்.

#9 பழைய அச்சகத்தார், தர்மபுரி

உங்களைப் படித்தபின் பெயர் விஷயத்தில் பிடிவாதம் பிடிக்க முடியவில்லை. ஆனாலும் உங்கள் பதிவில் தேதி இருந்தது, நேரம் இருந்தது, வந்து அளந்து பார்க்கலாம் என்று ஓர் இடம் இருந்தது. பெயருக்குப் பதிலாக அது நின்றது. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் 2018 மே மாதம் நடந்ததில் அப்படி எதுவும் இருந்ததா? பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு வாட்ஸ்அப் குரல். யார், எந்த ஊர், எப்போது, ஒன்றும் இல்லை. போளூர்ப் பக்கம் அத்திமூரில், குலதெய்வம் கும்பிட சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் சேர்ந்து அவரை அடித்தே கொன்றுவிட்டது. நாட்டின் பல இடங்களில் இப்படி உயிர் போன பிறகுதான், அந்த ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் செய்தியைக் கடத்த முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு வைத்தது.

குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பதை அன்றிலிருந்து நான் விட்டுவிட்டேன். பேரன் வயதுப் பிள்ளைகள் தெருவில் நிறைய.

#10 நர்ஸ் அக்கா, பாலக்கோடு வட்டம்

ஆண்கள் எல்லோரும் சட்டமும் சரித்திரமும் பேசி முடித்தீர்களா? கிராமத்தில் நடப்பதை நான் சொல்கிறேன்.

2018இல் திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்து ஒரு தாய் இறந்தார். பாடம் கற்றுக்கொண்டோமா? 2023 ஆகஸ்டில் நம் போச்சம்பள்ளிப் பக்கத்திலேயே அதே கதை, இன்னொரு தாய். இரண்டும் படிக்காத குடும்பம் என்று நினைக்காதீர்கள். படிக்கத் தெரிந்தவர்கள்தான் தேடிப் பார்க்கிறார்கள்.

அந்தக் காணொளிகளை நானும் உட்கார்ந்து பார்த்தேன். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி, தண்ணீர்த் தொட்டி, மெழுகுவத்தி, மெல்லிய இசை. குழந்தை வருகிறது, அழுகிறது, படம் முடிந்துவிடுகிறது. எங்களுக்கு வேலை தொடங்குவதே அங்கேதான். குழந்தை வெளியே வந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு, கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசி போட வேண்டும். நஞ்சுக்கொடி வந்ததும் தட்டில் விரித்து, துண்டு ஏதும் குறைகிறதா என்று பார்ப்போம். உள்ளே ஒரு விரல் அளவு தங்கினாலும் இரத்தம் நிற்காது. தொப்புளுக்குக் கீழே கையை வைத்தால் கருப்பை கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். தொளதொளவென்று இருந்தால் அந்த நொடியிலிருந்து ஓட்டம்தான். ஒரு தாய் இரத்தப்போக்கிலேயே இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். மலைப்பாதையில் வண்டி வந்து சேரவே அதில் பாதி போய்விடும். இதை எல்லாம் காட்டினால் அழகாக இருக்காது என்று வெட்டிவிடுகிறார்கள் போலிருக்கிறது.

வீடு வீடாகப் போகும்போது மாமியார்களைச் சமாளித்துவிடலாம். 'நான் பார்த்தேனே சிஸ்டர், அமெரிக்காவில் எல்லாம் வீட்டில்தான்' என்று சொல்லும் கணவன்மார்களிடம்தான் தொண்டை வற்றுகிறது. அந்த வீடுகளில் பயிற்சி பெற்ற மருத்துவச்சி பக்கத்தில் நிற்கிறாள், அவள் பையில் மருந்து இருக்கிறது என்பது அவன் கண்ணில் படவே இல்லை.

#11 பென்னாகரத்தான்

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் புளோரைடு போய்விடும் என்று ஒரு காணொளி எங்கள் பக்கம் சுற்றுகிறது. தண்ணீரில் புளோரைடு மிகுந்து பல்லில் கறை விழுந்த ஊர்களில் சுற்றுகிறது. கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகும், புளோரைடு அங்கேயே தங்கும். குடிப்பவருக்கு முன்பைவிட அடர்த்தியாகத்தான் கிடைக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்ததே இந்தக் கேட்டுக்காகத்தான். அந்தக் குழாயில் தண்ணீர் வராத நாட்களைப் பையன்கள் படமெடுத்துப் போட்டால் ஆள் வந்து சரிசெய்கிறார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். ஒரே தெரு, ஒரே போன்.

#12 கல் தேடி, கிருஷ்ணகிரி

ஞாயிற்றுக்கிழமைகளில் நடுகல் தேடி அலைபவன் நான். உழவர் ஒருவர் வரப்பில் கிடந்த கல்லைப் படமெடுத்துப் போடுவார். எங்கோ இருக்கும் கல்வெட்டு அறிந்தவர் ஒருவர் வட்டெழுத்தைப் படித்து, பல்லவர் காலம், தொறு (மாட்டு மந்தை) மீட்டு இறந்த வீரன் என்று ராத்திரிக்குள் சொல்லிவிடுவார். முன்பு அந்தக் கல் துணி துவைக்கப் போயிருக்கும். இது வந்த நன்மை.

பொய்தான் கெடுக்கிறது என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். மெய்யும் கெடுக்கும். பழங்காலத்து ஈமச்சின்னமான கற்திட்டை இருக்கும் இடத்தை வரைபடக் குறியோடு அப்படியே போட்டார் ஒரு நண்பர். தகவலில் பிழையே இல்லை. அடுத்த அமாவாசைக்குப் பிறகு போனால் அடிக்கல் பெயர்ந்து, குழி தோண்டிக் கிடந்தது. எலுமிச்சம்பழமும் குங்குமமும் பக்கத்திலேயே. புதையல் கூட்டம். அன்றிலிருந்து எங்கள் குழுவில் யாரும் இடம் போடுவதில்லை. வட்டத்தின் பெயரோடு சரி.

விவரம் தெரிந்தவர் பேச முடியாத இடத்தைத் தெரியாதவர் நிரப்புவதற்கு மயிலாடும்பாறை ஒரு சாட்சி. பர்கூர்ப் பக்கம் தோண்டினார்கள். அங்கே கிடைத்த இரும்பு கி.மு. 2172 வரை போகிறது என்று 2022 மே மாதம் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதுவரை தோண்டியவர்கள் வாய் திறக்க முடியாது, முறை அப்படி. அந்த இடைவெளியில் இணையத்தில் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். பத்தாயிரம் ஆண்டு, இருபதாயிரம் ஆண்டு, லெமூரியா. அறிவிப்பு வந்தபோது 'வெறும் நாலாயிரம்தானா' என்று கேட்டார் என் மைத்துனர். நாலாயிரத்து இருநூறு ஆண்டு அவருக்கு ஏமாற்றமாக இருந்தது!

#13 இரண்டாம் ஆண்டு மாணவி

ஒரு சந்தேகம். தோழி ஒருத்தியின் படத்தை வேறு உடம்போடு ஒட்டிப் பரப்பிவிட்டார்கள். வீட்டில் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று புகார் கொடுக்கவே பயப்படுகிறாள். என்ன செய்யலாம்?

#14 கருப்புக் கோட்டு, கிருஷ்ணகிரி

அம்மா, முதலில் எதையும் அழிக்க வேண்டாம். பதிவின் முகவரி, போட்டவரின் கணக்குப் பெயர், தேதி தெரியும்படி திரையைப் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குப் புகார். ஒட்டு வேலை செய்த படங்களும் அந்தரங்கப் படங்களும் குறித்து, பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ சொன்னால், 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளே வைத்தன. நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பகுதியில் பெயர் சொல்லாமலும் பதிய முடியும். மற்றதைத் தனிச்செய்தியில் பேசலாம். இங்கே அந்தப் பெண்ணைப் பற்றி இனி ஒரு விவரமும் எழுத வேண்டாம்.

#15 தக்காளித் தோட்டம், ராயக்கோட்டை

நர்ஸ் அக்கா, என் பக்கத்தைப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் நம் இரண்டு மாவட்டத்து விவசாயக் குடும்பங்கள். இங்கே எழுதியதை அப்படியே கேமரா முன் சொல்லுங்கள். பச்சைச் சட்டைக்காரரைவிட நன்றாகப் பேசுகிறீர்கள்.

#16 நர்ஸ் அக்கா, பாலக்கோடு வட்டம்

அங்கேதான் சிக்கல், தம்பி. நான் அரசு ஊழியர். சீருடையோடு வந்து பேச வேண்டுமென்றால் மேலிடத்தில் எழுதிக் கேட்க வேண்டும். கேட்கலாம், கொடுக்கவும் செய்யலாம். அதற்குள் கார்த்திகை வந்துவிடும். வெண்டைக்காய்த் தண்ணீரில் சர்க்கரை நோய் போய்விடும் என்கிறவருக்கு எந்தக் கோப்பும் இல்லை, எந்த மேசையும் இல்லை. எல்லோரும் வெளியிடலாம் என்று இந்த இழையில் முதலிலிருந்து எழுதுகிறீர்கள். யார் அந்த எல்லோரும்? விவரம் தெரிந்த நான் இல்லை. மண் ஆராய்ச்சி செய்கிறவர் இல்லை. மயிலாடும்பாறையில் தோண்டியவரும் இல்லை என்று கல் தேடி எழுதியிருக்கிறார். விஷயம் தெரிந்தவனுக்கு அனுமதி வேண்டும், தெரியாதவனுக்கு ஒரு போன் போதும்.

#17 அரூரான்

இதை நான் இந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. ஆனால் அக்கா, அனுமதி தேவையே இல்லை என்று விட்டுவிட்டால், சீருடையோடு வந்து பாட்டில் விற்கிறவர்களும் வருவார்களே?

#18 நர்ஸ் அக்கா, பாலக்கோடு வட்டம்

வருவார்கள். வரட்டும் என்று சொல்லவில்லை. பிரசவத்தைப் பற்றி நான் பேசுவதற்கும் பாட்டில் விற்பதற்கும் வித்தியாசம் தெரியாத ஒரு விதியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது என்றுதான் கேட்கிறேன்.

#19 பழைய அச்சகத்தார், தர்மபுரி

கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் தாய் சேய் நலப் புத்தகம் அரசே அச்சடித்தது. அபாய அறிகுறிகள் அதில் இருக்கின்றன. அச்சாகி வீடு வீடாகப் போன ஒன்றைச் சத்தமாக வாசிக்க எந்த ஊழியருக்கும், ஊழியர் அல்லாதவருக்கும் அனுமதி எதற்கு? ராயக்கோட்டைத் தம்பியின் வீட்டில் யாராவது வாசிக்கட்டும்.

#20 தக்காளித் தோட்டம், ராயக்கோட்டை

என் மனைவி வாசிக்கிறேன் என்கிறாள். இரண்டாவது பிள்ளைக்கு வாங்கிய புத்தகம் பீரோவிலேயே இருக்கிறது. நாளை ஏலம் முடிந்து வந்ததும் எடுக்கிறோம்.

#21 நர்ஸ் அக்கா, பாலக்கோடு வட்டம்

பழைய பதிப்பு வேண்டாம், ஊசி அட்டவணை மாறியிருக்கும். உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் புதியதைக் கேட்டு வாங்குங்கள். கொட்டகையில் எடுங்கள், இசை போடாதீர்கள். கை கால் வீக்கம், கண் இருட்டல், வலிப்பு, இரத்தம் படுவது, பனிக்குடம் உடைவது, பிள்ளையின் அசைவு குறைவது: இந்த வரிசையில் மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். 108 என்ற எண் முதலிலிருந்து கடைசிவரை திரையின் மேல்பக்கம் இருக்கட்டும். கீழே போட்டால் கருத்துகள் வந்து மறைத்துவிடும். போடுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துச் சொல்கிறேன்.